புகையும் நெருப்பும்: ஆழ்கடல் வெந்நீர் வாய்களில் உயிர்த்தடம் தேடும் கருவிகள்

மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையை நடத்தும்போது மாணவர் முகங்களில் சிறிது அயர்வு படர்வதுண்டு. கதை நின்று, அறவண அடிகளின் அளவை நூல் விளக்கம் தொடங்கும் இடம் அது. மலையில் புகை தோன்றுகிறது. ஆதலால் அங்கே நெருப்பு உண்டு. அடுக்களையில் நாம் காண்பது போல. இது கருதலளவையின் முதற்பாடம். இதற்கு மறுதலையாக, நெருப்பில்லாத இடத்தில் புகையும் இராது என்று காட்ட நீர்நிலையை எடுத்துக்காட்டுவது அளவை நூலார் வழக்கம். இதனை விளக்கிக்கொண்டிருந்த ஒருநாள் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, “ஐயா, நீருக்குள்ளேயே புகை எழுந்தால் என்ன சொல்வது?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த அடிக்குச் சென்றுவிட்டேன்.

சில நாள் கழித்து, விலங்கியல் துறை நண்பர் ஒருவரிடம் இதனை வேடிக்கையாகக் கூறினேன். அவர் சிரிக்கவில்லை. “கடலடியில் அப்படிப்பட்ட இடங்கள் உண்டே!” என்றார். அவர் தந்த நூல்களையும் கட்டுரைகளையும் படித்த பின்னரே, அம்மாணவர் கேட்டது எத்துணை ஆழமான வினா என்பது எனக்கு விளங்கிற்று. அவருக்கு நான் கடன்பட்டிருக்கும் விடையே இக்கட்டுரை.

நீருக்குள் எழும் புகை

1977ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், தென்னமெரிக்காவின் மேற்கே காலபாகஸ் தீவுகளை அடுத்த பசிபிக் கடலடிப் பிளவுப் பகுதியில் அமெரிக்க நிலவியலார் சிலர் ஆய்வு மேற்கொண்டனர். கடலடியில் வெந்நீர் ஊற்றுகள் இருத்தல் வேண்டும் என்பது அவர்களது கணிப்பு. மனிதரை ஏற்றிச் செல்லும் ‘ஆல்வின்’ என்னும் சிறு மூழ்குகலம் ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்திற்கு இறங்கியது. கணித்தவாறே வெதுவெதுப்பான நீர் பாறை இடுக்குகளிலிருந்து கசிந்துகொண்டிருந்தது. ஆனால் யாரும் கணிக்காத ஒன்றும் அங்கே இருந்தது. கதிரவன் ஒளி ஒரு துளியும் எட்டாத அவ்விருளில் சிப்பிகளும் நண்டுகளும் செந்நிறத் தலைகொண்ட நீண்ட குழாய்ப் புழுக்களும் கூட்டங்கூட்டமாக வாழ்ந்துகொண்டிருந்தன. அக்குழுவில் உயிரியல் வல்லுநர் ஒருவர்கூட இல்லை என்பது சுவையான செய்தி. உயிரைத் தேடி அங்கே எவரும் செல்லவில்லை. உயிரே அவர்கள் முன் வந்து நின்றது.

ஈராண்டுகள் கழித்து, 1979இல், மெக்சிகோவை ஒட்டிய பசிபிக் கடலடி முகட்டில் பாறைக் குழாய்களிலிருந்து கரும்புகை பீறிட்டெழும் காட்சியைக் கண்டனர். அதனுள் நுழைத்த வெப்பமானியின் அளவெல்லை போதவில்லை. மேலே கொண்டுவந்து பார்த்தபோது அதன் நெகிழிப் பகுதி உருகியிருந்தது. பின்னர் தக்க கருவிகொண்டு அளந்தபோது அந்நீரின் வெப்பம் ஏறத்தாழ 350 பாகை செல்சியஸ் எனத் தெரியவந்தது. நம் அடுப்பில் 100 பாகையில் கொதிக்கும் நீர், அங்கே அவ்வளவு வெப்பத்திலும் கொதிக்கவில்லை. மேலிருந்து அழுத்தும் கடலின் பாரமே அதற்குக் காரணம்.

அப்புகை உண்மையில் புகையன்று. கடல்நீர் பாறைப் பிளவுகளின் வழியே கீழிறங்கி, பாறைக்குழம்பின் வெப்பத்தால் சூடேறி, இரும்பு, செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்களையும் கந்தகச் சேர்மங்களையும் கரைத்துக்கொண்டு மேலெழுகிறது. ஏறத்தாழ 2 பாகையே உள்ள குளிர்ந்த கடல்நீரில் அது கலந்த உடனே, கரைந்திருந்தவை நுண்துகள்களாகப் பிரிகின்றன. அத்துகள் திரளே கரும்புகையாகத் தோன்றுகிறது. கண்ணுக்குப் புகை, பொருளால் உலோகச் சல்பைடு. நம் முன்னோர் ‘திரிபுக் காட்சி’ என்றது இதனைத்தான். ஆழ்கடலில் உயிர் தேடுவோர் முதலில் கற்றுக்கொண்ட பாடமும் இதுவே எனலாம்.

ஒளியின்றி வாழும் உலகம்

புல்லை மான் உண்ணும். மானைப் புலி உண்ணும். புல்லுக்குக் கதிரவன் உணவளிக்கும் என்று நாம் படித்திருக்கிறோம். கதிரவன் இல்லாத இடத்தில் அக்குழாய்ப் புழுக்கள் எதை உண்டு வாழ்ந்தன? அவற்றிற்கு வாயுமில்லை, குடலுமில்லை. இப்புதிருக்கு விடை கண்டவர் அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த கொலின் கவனா என்னும் மாணவி. புழுவின் உடலுள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருப்பதையும், அவை ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவிலிருந்து ஆற்றல் பெற்றுப் புழுவுக்கும் உணவாக்கித் தருவதையும் அவரும் உடன் ஆய்ந்தோரும் 1981இல் வெளியிட்டனர். அழுகிய முட்டையின் நாற்றத்தை உடையதும் நமக்கு நஞ்சாவதுமான வாயு அங்கே அமுதமாகிறது.

இந்நுண்ணுயிர்களுள் சில வெப்பத்தை அஞ்சுவதேயில்லை. மருத்துவமனைகளில் கருவிகளை அழுத்த நீராவியில் இட்டு 121 பாகையில் தூய்மை செய்வர். அதில் எவ்வுயிரும் பிழைக்காது என்பது நெடுங்கால நம்பிக்கை. 2003இல் வெளியான ஓர் ஆய்வு, வட பசிபிக் ஊற்றுவாய் ஒன்றிலிருந்து எடுத்த நுண்ணுயிர் அந்த 121 பாகையிலேயே பெருகியதைக் காட்டியது. 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மற்றொன்றை உயர் அழுத்தத்தில் 122 பாகையிலும் வளர்த்துக் காட்டினர். அந்நுண்ணுயிர் கிடைத்த இடம் நம் இந்தியப் பெருங்கடலின் நடு முகட்டிலுள்ள ‘கைரெய்’ ஊற்றுவாய்ப் பகுதி என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

பனிக்கட்டி ஓட்டின் அடியில் உப்புநீர்க் கடலை மறைத்து வைத்திருக்கும் துணைக்கோள்கள் நம் கதிரவ மண்டலத்திலும் உள்ளன. வியாழனைச் சுற்றும் யூரோப்பாவும் சனியைச் சுற்றும் என்செலடசும் அத்தகையவை. என்செலடசிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிடுவதைக் காசினி விண்கலம் 2005இல் கண்டது. அப்பீற்றலில் ஹைட்ரஜன் வாயு இருப்பதை 2017இல் வெளியான ஆய்வு உரைத்தது. அங்கும் கடலடியில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கக்கூடும் என்பதற்கு இஃது ஒரு குறிப்பு. ஒளியின்றி இங்கே உயிர் வாழுமானால் அங்கே வாழாதா என்ற வினா இயல்பாகவே எழுகிறது. அவ்வினாவுக்கு விடை தேடப்போகும் கருவிகளுக்கு நம் ஆழ்கடலே பயிற்சிக்கூடம்.

கருவிகள் எதிர்கொள்ளும் இடர்கள்

கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 2,500 மீட்டர் ஆழத்தில் 250 மடங்கு. ஐம்பது கிலோ அரிசி மூட்டைகள் ஐந்தினை ஒரு விரல் நகத்தின்மேல் அடுக்கினால் எவ்வளவு பாரமோ அவ்வளவு பாரம் அங்கே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் அழுத்துகிறது. ஒருபுறம் 350 பாகை வெப்பம். ஒரு சாண் தள்ளி உறையும் நிலையை நெருங்கிய குளிர். உப்பும் கந்தகமும் எஃகை அரிக்கும். ஆதலால் டைட்டானியம் என்னும் உலோகத்தால் கருவிகளைச் செய்கின்றனர். வானொலி அலைகள் கடல்நீரில் தொலைவு செல்லா. எனவே கம்பிவடத்தின் வழியாகவோ ஒலியலைகளின் வழியாகவோதான் செய்தி அனுப்ப இயலும்.

இவையெல்லாம் பொறியியல் இடர்கள். இவற்றினும் பெரிது, எடுத்த நீர் எவ்விடத்து நீர் என்று அறுதியிடும் இடர். பீறிட்டு வரும் வெந்நீரும் சூழ்ந்துள்ள கடல்நீரும் நொடியில் கலக்கின்றன. சூழ்ந்துள்ள கடல்நீரில் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்கள் இயல்பாகவே உண்டு. அந்நீர் குப்பியில் சிறிது புகுந்துவிட்டால், கடலில் மிதந்த உயிரை ஊற்றினுள் வாழ்ந்த உயிர் என்று நாம் மயங்கிவிடுவோம்.

இம்மயக்கம் நீக்க ஆய்வாளர் கையாளும் முறை எளிமையும் நுட்பமும் உடையது. கடல்நீரில் மக்னீசியம் என்னும் தனிமம் மிகுதி; ஒரு கிலோ நீரில் ஏறத்தாழ 53 மில்லிமோல். ஆனால் பாறைக்குள் சென்று முழுமையாகச் சூடேறிய நீர் தன் மக்னீசியத்தை ஏறக்குறைய முற்றிலும் பாறையிடம் இழந்துவிடுகிறது. ஆகவே எடுத்துவந்த நீரில் மக்னீசியம் எவ்வளவு என்று அளந்தால், அதில் கடல்நீர் எவ்வளவு கலந்தது என்பது கணக்கில் தெரிந்துவிடும். பால்காரர் நீர் கலந்தாரா என்று பால்மானி காட்டுவதுபோல, மக்னீசியம் குப்பியின் நேர்மையைக் காட்டுகிறது.

மற்றோர் இடரும் உண்டு. ஆழத்தில் நிரப்பிய குப்பியை மேலே கொண்டுவரும்போது அழுத்தம் குறைந்து, சோடாப் புட்டியைத் திறந்தாற்போலக் கரைந்திருந்த வாயுக்கள் வெளியேறுகின்றன. இதைத் தடுக்க, கடலடி அழுத்தத்தை அப்படியே காக்கும் வாயுக்காப்புக் குப்பிகளை அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தினர் உருவாக்கினர். எனினும் குப்பி எவ்வளவு சிறந்ததாயினும், கப்பலை அடைவதற்குள் சில மணி நேரம் கழிந்துவிடுகிறது. அதற்குள் சில உயிர்கள் மடியும், சில பெருகும். ஆதலால் ஆய்வுக்கூடத்தையே ஊற்றின் வாயருகே இறக்கிவிடுவது நன்று என்ற எண்ணம் வலுப்பெற்றது.

உயிரின் அடையாளம் எது?

உயிர் இருந்ததையோ இருப்பதையோ காட்டும் அடையாளத்தை ‘உயிர்த்தடம்’ என்று கூறலாம். காட்டில் யானையைக் காணாதபோதும் அதன் தடத்தைக் கண்டு யானை சென்றது என்று அறிகிறோம் அன்றோ? ஆனால் நுண்ணுயிரின் தடங்கள் யானைத் தடம்போல ஐயமற்றவை அல்ல.

முதலாவது, உருவம். மரபுப் பொருளாகிய டிஎன்ஏவுடன் பிணைந்து ஒளிரும் சாயங்களை இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் நுண்ணுயிர்கள் விண்மீன்கள்போல் மின்னும். ஆனால் சில கனிமத் துகள்களும் அவ்வாறே மின்னி ஏமாற்றக்கூடும்.

இரண்டாவது, உயிரின் ஆற்றல் நாணயமாகிய ஏடிபி என்னும் மூலக்கூறு. மின்மினிப் பூச்சி தன் ஒளிக்குப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களோடு ஏடிபி சேர்ந்தால் ஒளி பிறக்கும். அவ்வொளியை அளந்தால் உயிர்ப்பொருளின் அளவு தெரியும். இது கூர்மையான முறையே. ஆயினும் கருவியைத் தொட்ட கைவிரலில் ஒட்டியிருந்த நுண்ணுயிரும் அதே ஒளியைத்தான் தரும்.

மூன்றாவது, வாயுக்கள். நுண்ணுயிர்கள் பல மீத்தேனை உண்டாக்குகின்றன. ஆகவே மீத்தேன் கண்டவிடத்து உயிர் உண்டு எனலாமா? 2000ஆம் ஆண்டு டிசம்பரில் அட்லாண்டிக் கடலின் நடுவே ‘மறைந்த நகர்’ எனப் பெயரிடப்பட்ட வெண்ணிற ஊற்றுவாய்ப் பகுதி கண்டறியப்பட்டது. சுண்ணப் பொருளாலான அதன் தூண்களுள் ஒன்று 60 மீட்டர் உயரமுடையது. அங்கே பாறையும் நீரும் வினைபுரிவதாலேயே ஹைட்ரஜன் பிறக்கிறது. எளிய கரிமச் சேர்மங்களும் உயிரின் துணையின்றியே உருவாகின்றன என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே வாயு மட்டும் சான்றாகாது.

நான்காவது, கரிமத்தின் எடை விகிதம். கரிமத்தில் எடை 12 உடையதும் 13 உடையதும் உண்டு. உயிர்கள் பொதுவாக எடை குறைந்ததையே விரும்பி ஏற்கின்றன. ஆனால் உயிரற்ற வேதிவினைகள் சிலவும் இதே போக்கைக் காட்டுவதுண்டு.

ஐந்தாவது, மூலக்கூறுகளின் கைப்பக்கம். வலக்கையும் இடக்கையும் போல ஒன்றன் கண்ணாடிப் பிம்பமாக மற்றொன்று அமைந்த இருவகை அமினோ அமிலங்கள் உள்ளன. உயிரற்ற வினைகளில் இரண்டும் ஏறத்தாழச் சம அளவில் தோன்றும்; உயிர்களோ தம் புரதங்களுக்கு இடக்கை வகையையே தேர்ந்துகொள்கின்றன. ஒரு பக்கச் சாய்வு மிகுந்திருப்பின் அது வலிய தடமாகும். ஆனால் காலமும் வெப்பமும் அச்சாய்வை மெல்ல அழித்துவிடும்.

இவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். தனித்தடம் ஒவ்வொன்றும் ஐயத்திற்கு இடந்தருகிறது. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பல தடங்கள் ஒரே முடிவைச் சுட்டும்போதுதான் துணிவு பிறக்கும்.

250 பாகை தந்த படிப்பினை

இதனை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1983இல் ஜான் பரோஸ், ஜோடி டெமிங் என்னும் இரு சிறந்த ஆய்வாளர்கள், கரும்புகை ஊற்று ஒன்றின் நீரிலிருந்து பெற்ற நுண்ணுயிர்கள் ஆய்வுக்கூடத்தில் உயர் அழுத்தத்தின்கீழ் 250 பாகை வெப்பத்திலும் பெருகின என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினர். அறிவியல் உலகம் வியந்தது. உயிரின் எல்லை ஒரே தாவலில் இருமடங்குக்கும் மேலாக விரிந்துவிட்டதாகத் தோன்றியது.

மறு ஆண்டே அதே இதழில் டிரென்ட், சாஸ்டெயின், யயானோஸ் ஆகிய மூவர் தம் ஐயத்தை வெளியிட்டனர். நுண்ணுயிர் எதையும் இடாமல், வளர்ப்பு ஊடகத்தை மட்டும் அவ்வெப்ப அழுத்தத்திற்கு உட்படுத்தினாலும் நுண்ணுயிரைப் போன்ற துகள்கள் தோன்றுகின்றன. வளர்ச்சி என்று கண்டது செய்முறையால் விளைந்த போலித் தோற்றமாக இருக்கலாம் என்றனர். உயிரின் அடிப்படை மூலக்கூறுகள் அவ்வெப்பத்தில் மிக விரைவாகச் சிதைந்துவிடும் என்பதை மற்றோர் ஆய்வும் காட்டியது. அதன்பின் இந்நாள்வரை உறுதிப்பட்டுள்ள எல்லை முன்னர்க் கூறிய 122 பாகையே.

இங்கே எவரும் பொய்யுரைக்கவில்லை; எவரும் இழிவுபடவுமில்லை. பரோஸ், டெமிங் இருவரும் பின்னரும் இத்துறையின் முன்னோடிகளாக மதிக்கப்பட்டனர். எனினும் பிழை எங்கே நேரும் என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்கிற்று. மணிமேகலையின் அதே காதையில், போலி ஏதுக்களை வகைப்படுத்தும் இடத்தில் இத்தகைய பிழை ஒன்று சொல்லப்படுகிறது. நீராவியோ பனியோ என்று ஐயுறத்தக்க ஒன்றைப் புகையென்றே கொண்டு, அதனால் நெருப்புண்டு என்று துணிவது குற்றம் என்பது அதன் கருத்து. ஏதுவே ஐயத்திற்கு உரியதாயின் முடிவு எவ்வாறு உறுதியாகும்? பெருந்தொலைவில் நிற்கும் இரு காலத்தார் ஒரே எச்சரிக்கையைக் கண்டடைந்திருக்கின்றனர்.

அந்த மூவர் செய்ததுபோல, உயிரின் பங்கை நீக்கிவிட்டு மற்றனைத்தையும் அவ்வாறே செய்து பார்ப்பதை ‘வெற்றுச் சோதனை’ எனலாம். ஊற்று நீரை ஆராயும் கருவியில் முதலில் தூய நீரைச் செலுத்திப் பார்த்தல், பின்னர் ஊற்றுக்குத் தொலைவிலுள்ள கடல்நீரைச் செலுத்திப் பார்த்தல் ஆகியவை இதன் வகைகள். தூய நீரிலும் ‘உயிர் உண்டு’ என்று கூறும் கருவியை எவர் நம்புவர்?

கடலடியில் இறங்கிய ஆய்வுக்கூடங்கள்

1990களின் இறுதியில், அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம், ஹவாய்த் தீவை அடுத்த ‘லோயிஹி’ என்னும் கடலடி எரிமலையின் ஊற்றுவாயுள் செலுத்துவதற்கென ஒரு கருவியை உருவாக்கியது. கோள்களை ஆராயும் நிறுவனம் கடலுக்குள் இறங்கிய காரணம் முன்னரே கூறப்பட்டது. 2021இல் காமஎஹுவகனலோவா எனப் பெயர் மாற்றம் பெற்ற அவ்வெரிமலையின் உச்சி கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் கீழே உள்ளது. அங்கே இரும்பை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் துருநிறப் பாய்போலப் படர்ந்திருக்கின்றன.

அதே ஆய்வகத்தில் ஆல்பர்டோ பெஹார் தலைமையில் 2000களின் நடுவில் ‘நீர்வெப்ப ஊற்று உயிர்மாதிரி எடுப்பான்’ என்னும் கருவி உருவாயிற்று. ஊற்றுநீர் மிகுந்த வெப்பமுடையது. அதில் உயிர்கள் இருப்பினும் மிகச் சிலவே இருக்கும். ஆதலால் சிறு குப்பி போதாது. பெருமளவு நீரைக் கடலடியிலேயே வடிகட்டி, உயிர்ப்பொருளை மட்டும் செறிவாக்கிக் கொணர்வதும், வெளிநீர் உட்புகாமல் காப்பதும் அக்கருவியின் நோக்கம்.

இப்பணியில் பங்கு கொண்டவர்களுள் ஒருவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கடல் நுண்ணுயிரியல் பயின்ற கஸ்தூரி வெங்கடேஸ்வரன் என்பது நாம் மகிழத்தக்க செய்தி. விண்கலங்கள் கட்டப்படும் தூய அறைகளில், எத்தனை முறை துடைத்தாலும் பிழைத்திருக்கும் நுண்ணுயிர்களை ஆராய்வது அவரது துறை. பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் காற்று வடிகட்டியில் அவர்தம் குழுவினர் கண்ட புதிய நுண்ணுயிருக்கு, 2017இல், மேனாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களின் நினைவாக ‘சாலிபேசில்லஸ் கலாமி’ என்று பெயரிட்டனர். நாம் செல்லுமிடமெல்லாம் நம் நுண்ணுயிர்களையும் சுமந்தே செல்கிறோம் என்பதை இவ்வாய்வுகள் நினைவூட்டுகின்றன. வேற்றுலகில் உயிரைத் தேடச் சென்று, நாமே கொண்டுசென்றதைக் கண்டெடுத்து மகிழ்தல் எத்துணைப் பேதைமை!

கலிபோர்னியாவின் மான்டெரி வளைகுடாக் கடலாய்வு நிறுவனத்தினர் மற்றொரு வழியில் முன்னேறினர். நீரைத் தானே இழுத்து, வடிகட்டி, நுண்ணுயிர்களை உடைத்து, அவற்றின் மரபணுக்களைத் தானே எண்ணிப் பார்க்கும் தானியங்கிக் கருவியை அவர்கள் படைத்தனர். அதன் ஆழ்கடல் வடிவம் 4,000 மீட்டர் ஆழத்திற்கென அமைக்கப்பட்டது. வேறு ஆய்வாளர்கள், நீரில் கரைந்த வாயுக்களை மெல்லிய சவ்வின் வழியே உள்ளிழுத்து எடைவாரியாகப் பிரித்தறியும் நிறமாலைமானிகளைக் கடலுக்குள் இறக்கினர்.

ஒளியைக் கொண்டு ஆராயும் கருவிகளும் உண்டு. 1921இல் கப்பற் பயணத்தின்போது கடலின் நீலநிறத்திற்குக் காரணம் யாது என்று சிந்திக்கத் தொடங்கி, 1928இல் ஒளிச்சிதறல் பற்றிய புகழ்பெற்ற விளைவைக் கண்டறிந்தார் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. இராமன். பொருளின்மேல் ஒளி பட்டுச் சிதறும்போது ஏற்படும் நிறமாற்றத்தைக் கொண்டு அப்பொருள் இன்னதென்று அறிவது இராமன் நிறமாலைமானி. கடலில் பிறந்த வினாவுக்குக் கிடைத்த விடை, இன்று கருவியாகி அதே கடலின் அடியில் கனிமங்களையும் வாயுக்களையும் இனங்காண்கிறது.

இதனோடு ஒளிரியல் முறையும் சேர்ந்தது. புரதங்களில் உள்ள சில அமினோ அமிலங்கள் கண்ணுக்குப் புலனாகாத ஆழ்புறஊதா ஒளி பட்டதும் தாமாகவே ஒளிரும். சாயம் இடவேண்டியதில்லை, தொடவும் வேண்டியதில்லை. தொடாமல் ஆராய்வதால் மாசுறும் அச்சமும் குறைவு. இவ்விரு முறைகளையும் இணைத்த ‘ஷெர்லாக்’ என்னும் கருவி, 2021 பிப்ரவரி 18 அன்று செவ்வாயில் இறங்கிய ‘பெர்சிவரன்ஸ்’ ஊர்தியில் பொருத்தப்பட்டிருந்தது.

துணிவதற்கு முன் ஏழு படிகள்

செவ்வாயில் உயிர்தேடும் முயற்சி புதிதன்று. 1976இல் இறங்கிய இரு வைக்கிங் கலங்கள் அம்மண்ணில் ஊட்டநீர் தெளித்தன. ஒரு சோதனையில், உயிர் இருந்தால் எழவேண்டிய வாயு எழுந்தது. ஆனால் அதே கலத்தின் வேறொரு கருவி அம்மண்ணில் கரிமச் சேர்மங்கள் இல்லையென்றது. கண்ட சில குளோரின் சேர்மங்களும் துப்புரவு மருந்தின் எச்சங்களாகக் கருதப்பட்டன. 2008இல் பீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பைக் கண்டபின், அப்பழைய முடிவுகள் அனைத்தும் மீண்டும் விவாதத்திற்கு வந்தன. ஒரு விடையைப் படிக்க மண்ணின் இயல்பும் தெரிந்திருத்தல் வேண்டும் என்பதே அதன் பாடம்.

இவற்றையெல்லாம் எண்ணிப்பார்த்து, நாசாவின் ஆய்வாளர்கள் 2021இல் ஏழு படிகள் கொண்ட ஓர் அளவுகோலை முன்மொழிந்தனர். தடம் தென்படுவது முதற்படி மட்டுமே. அது நாம் கொண்டுசென்ற மாசு அன்று என்று காட்டுதல் இரண்டாம் படி. அச்சூழலில் உயிர் அதனை உண்டாக்க இயலும் என்பது மூன்றாவது. உயிரற்ற காரணங்கள் பொருந்தா என்பது நான்காவது. தொடர்பற்ற வேறொரு தடம் அதனை உறுதிசெய்வது ஐந்தாவது. பின்வரும் ஆய்வுகள் மாற்று விளக்கங்களை விலக்குவது ஆறாவது. பிறர் தனியே ஆராய்ந்து உயிரை உறுதிசெய்வது ஏழாவது. 2024இல் பெர்சிவரன்ஸ் ஊர்தி ‘செயாவா அருவி’ எனப் பெயரிட்ட பாறையில் வியத்தகு புள்ளிகளைக் கண்டது. அதுபற்றி 2025 செப்டம்பரில் வெளியான கட்டுரையும் ‘உயிர்த்தடமாக இருக்கக்கூடும்’ என்ற அளவிலேயே நின்றது. அவ்வடக்கமே அதன் பெருமை.

நம் கடலில்

இவையெல்லாம் பிறநாட்டார் செய்திகள் என்று நாம் வாளா இருக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பரில், சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவில் உள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் இணைந்து, இந்தியப் பெருங்கடலில் ஏறத்தாழ 4,500 மீட்டர் ஆழத்தில் செயற்பட்டுக்கொண்டிருக்கும் ஊற்றுவாய் ஒன்றைத் தானியங்கி மூழ்குகலத்தின் துணையால் படம்பிடித்தன. மூவரை ஏற்றி 6,000 மீட்டர் ஆழம் செல்லத்தக்க ‘மத்சயா 6000’ மூழ்குகலமும் உருவாக்கப்பட்டு, 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் சோதனைகளுக்கு உட்பட்டது. நம் மாணவர் சிலர் நாளை அக்கலங்களுக்குக் கருவி செய்வோராகவும் அவை தரும் எண்களைப் படிப்போராகவும் அமையக்கூடும்.

இனி அம்மாணவரின் வினாவுக்கு வருவோம். நீருக்குள் புகை எழுந்தால் என்ன சொல்வது? முதலில், அது புகைதானா என்று கேட்க வேண்டும். அந்த ஊற்றுவாயில் எழுவது புகையன்று; ஆயினும் அதன் அடியில் பாறைக்குழம்பின் வெப்பம் உண்டு. புகையென்று மயங்கி, ‘கீழே நெருப்பு இருக்கிறது’ என்று ஒருவர் கூறியிருந்தால், அவர் முடிவு ஏறக்குறையச் சரியாகவே அமைந்திருக்கும். அவர் காட்டிய காரணமோ பிழையாக இருந்திருக்கும். முடிவு தற்செயலாகப் பொருந்திவிட்டது என்பதற்காகக் காரணத்தின் குற்றம் குற்றமல்லாமல் போகாது. அடுத்தமுறை அதே காரணம் அவரைக் கைவிடும்.

ஐயம் கேட்பவரைக் குறை கூறுபவராகக் கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. 250 பாகைக் கூற்றை ஐயுற்ற மூவர் அறிவியலுக்குப் பகைவர் அல்லர்; அதன் காவலர். ஐயந்திரிபற அறிதல் என்று நாம் எளிதாகச் சொல்லிச் செல்லும் தொடருக்குப் பின்னே எத்துணை உழைப்பு வேண்டும் என்பதைக் கடலடியில் இறங்கும் அந்த டைட்டானியக் குப்பிகள் சொல்கின்றன. அன்று வகுப்போடு சேர்ந்து நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு ஈடாக, இனிப் பின்வரிசையிலிருந்து எழும் எவ்வினாவையும் கேட்டு முடிக்காமல் அடுத்த அடிக்குச் செல்வதில்லை என்று உறுதி கொண்டிருக்கிறேன்.